9 வருஷ காரை விற்கத் தயார் செய்வது: எதில் செலவு செய்யலாம், எதை அப்படியே விடலாம்?

வண்டிவிற்பவர்:

வணக்கம் நண்பர்களே. பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 9 வருஷம், 92,000 கி.மீ. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கப் போகிறேன். கையில் இரண்டு வாரம் இருக்கிறது. பாதி வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். எந்தச் செலவு விலையில் திரும்பி வரும், எது வீண் என்பதுதான் பிடிபடவில்லை.

இப்போதைய நிலை: செக் எஞ்சின் லைட் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வந்து போகிறது. ஓட்டும்போது வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) லேசாக ஏறி இறங்குகிறது. முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கின்றன. மேடு பள்ளத்தில் முன்பக்கம் இடதில் 'டக் டக்' சத்தம். ஏசி போட்டால் முதல் இரண்டு நிமிஷம் ஈர நாற்றம், முன் பயணி சீட்டின் காலடியில் கார்பெட் ஈரம். ஹெட்லைட் இரண்டும் மஞ்சள். பின்பம்பர் மூலையில் உரசல், ஓட்டுநர் கதவில் பெயிண்ட் உடையாத சின்ன டென்ட், பானெட்டில் கல் பட்ட புள்ளிகள். சீட் துணியில் கறை. சாவி ஒன்றுதான் இருக்கிறது.

எந்த வரிசையில் ஆரம்பிக்கலாம்? பம்பருக்கும் கதவுக்கும் பெயிண்ட் அடிக்கலாமா? ஸ்கேனர் வைத்து லைட்டை அழித்துவிட்டு வண்டியைக் காட்டினால் என்ன ஆகும்?

ஸ்பேனர்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அழித்துவிட்டுக் காட்டாதீர்கள். அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம், மறையாது என்பது இன்னொரு பக்கம். லைட்டுக்குக் காரணமான பிழை எண்ணை (ஃபால்ட் கோடு) அழித்த அந்த நொடியில் வண்டியின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளையும் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி அமைப்பு) சேர்த்தே பூஜ்யமாக்கிவிடும். வாங்க வருபவர் கையடக்க புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் 'சோதனை முடியவில்லை' என்று வரிசையாகக் காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான வண்டிகளில் இதே கதைதான். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும், "நேற்றுதான் அழித்திருக்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். லைட் எரிந்தபடியே விற்பதைவிட இது மோசம்.

வரிசை என்று கேட்டால்: முதலில் மெக்கானிக்கல், பிறகு ஈரம், பிறகு உள்பக்கம், கடைசியில் வெளிப்பக்கம். பாலிஷ் போட்ட பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால் ஃபெண்டரில் கிரீஸ் கைரேகையோடு திரும்பி வரும்.

செக் லைட்: கோடை முதலில் படியுங்கள். எண் தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம். எண்ணோடு 'ஃபிரீஸ் ஃபிரேம்' விவரமும் இருக்கும், அதாவது லைட் வந்தபோது எஞ்சின் சூடு, ஆர்பிஎம், லோடு எவ்வளவு என்பது. அதையும் குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள்.

'டக் டக்' சத்தம்: சின்னச் சின்ன மேடுகளில், குறைந்த வேகத்தில் கேட்டால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்ன ராடு) மேல். மலிவான பாகம், இரண்டே நட். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே கையை விட்டு ராடை ஆட்டிப் பார்த்தால் பந்து மூட்டில் தளர்ச்சி தெரியும். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் ஒற்றை 'டொக்' வந்தால் அது சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் உறை). ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது 'கட கட'வென்று வந்தால் ஆக்சில் மூட்டு. லிங்க் ராடு என்றால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். இந்தச் செலவு கட்டாயம் திரும்பி வரும். டெஸ்ட் டிரைவில் ஒரு சத்தம் கேட்டால், அது என்னவென்று தெரியாத மனிதர் சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றும் செலவை மனசுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார்.

டயர்: உள்பக்கத் தேய்மானம் டயரின் குற்றமில்லை. டோ அளவு (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெளியே விரிந்திருக்கலாம், ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டோ ஆர்ம் புஷ்ஷோ தளர்ந்திருக்கலாம். முதலில் தளர்ந்த பாகம், பிறகு டயர், கடைசியில் அலைன்மென்ட். மாற்றிச் செய்தால் அலைன்மென்ட் காசு இரண்டு முறை போகும். பள்ளத்தின் ஆழத்தை உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் தேய்மானக் குறி 1.6 மி.மீ. உயரம். ஒரு இடத்தில் அந்தக் குறியைத் தொட்டிருந்தாலும் அந்த ஜோடியை மாற்றத்தான் வேண்டும். எல்லா இடத்திலும் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் விடுங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பள்ளம் நிறைய இருந்தும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயர் போனதுதான். வாங்குவதென்றால் ஒரே அச்சில் ஒரே பிராண்ட், ஒரே பேட்டர்ன். பெயர் தெரியாத மலிவு டயரைப் போட்டால், 'மற்ற வேலைகளையும் இப்படித்தான் பார்த்திருப்பார்' என்று தோன்றிவிடும்.

பேட்டரி: ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும், அது ஆல்டர்னேட்டருக்கான சோதனை. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை பேக்கிங் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு எடுக்கலாம். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஆனால் இதை செக் லைட் கோடைப் படித்து எழுதிவைத்த பிறகு செய்யுங்கள்.

பிரேக் பேடு 3 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்றுங்கள். பெடலில் அதிர்வு வந்தால் டிஸ்க் தடிமன் சீரில்லை என்று அர்த்தம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டு பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆயில் மாற்ற 2,000 கி.மீ.க்குள் நேரம் வரும் என்றால் இப்போதே மாற்றலாம், புத்தகத்தில் போட்டிருக்கும் அதே கிரேடில். சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயிலோ, 'எஞ்சின் சரிசெய்யும்' பாட்டில் மருந்தோ ஊற்ற வேண்டாம். குளிர்ந்த நிலையில் ஆயில் மேலே ஏற நேரமெடுத்து டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம்தான் கூடும்.

டைமிங் பெல்ட்டா, செயினா என்று பாருங்கள். பெல்ட் என்றால் 92,000 கி.மீ. என்பது பல வண்டிகளில் மாற்றும் தூரத்தை நெருங்கிவிட்டது. சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மாற்றியிருந்தால் பில்லைத் தேடி எடுங்கள். பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

பளபளப்பு:

ஸ்பேனர் சொன்ன வரிசையே சரி. நான் ஈரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஈர நாற்றத்தோடு இருக்கும் வண்டியை எவ்வளவு துடைத்தாலும் விற்பது சிரமம். கதவைத் திறந்த முதல் மூச்சிலேயே ஆள் பின்வாங்கிவிடுவார்.

கார்பெட்டில் இருப்பது எந்த நீர் என்று முதலில் தெரிய வேண்டும். வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுத்துப் பாருங்கள். நிறமில்லாமல், வாசனையில்லாமல் இருந்து, ஏசி ஓடிய நாளில் மட்டும் வந்தால் ஏசியின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. விரலில் பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல மங்கல் படிந்தால் அது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோரிலிருந்து கசியும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ரேடியேட்டர் அளவு இறங்குகிறதா என்றும் பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டும் வந்தால், வைப்பருக்குக் கீழே இலை தழை அடைத்த வடிகாலோ, கதவுப் பேனலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் விலகியதோ காரணம்.

உங்கள் வண்டியில் ஏசி நாற்றமும் சேர்ந்தே இருப்பதால் வடிகால் குழாய்க்கே வாய்ப்பு அதிகம். ஏசியைப் போட்டு 15 நிமிஷம் நிறுத்தி வையுங்கள். எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு அடியிலிருந்து தரையில் நீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் குழாயின் முனையில் வளையும் மெல்லிய நைலான் கம்பியை மெதுவாக விட்டு அடைப்பை எடுங்கள். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே எவாபரேட்டர் (ஏசிக் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஓட்டையாகிவிடும். காற்றடிப்பதும் குறைந்த அழுத்தத்தில்தான், அதிகமானால் குழாய் உள்ளேயே கழன்று, நீர் மொத்தமும் கார்பெட்டுக்கு வரும்.

அடைப்பு எடுத்ததும், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எவாபரேட்டர் கிளீனர் நுரையை உள்ளே அடியுங்கள். கேனில் எழுதியிருக்கும் நேரம் ஊறிய பிறகு நுரை கரைந்து வடிகால் வழியே வெளியேறும். அடைப்பை எடுக்காமல் நுரை அடித்தால் அதுவும் கார்பெட்டில்தான் வந்து சேரும். பிறகு புது ஃபில்டர், காற்று செல்லும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். வண்டி விற்கும்வரை, நிறுத்துவதற்கு 3-5 நிமிஷம் முன்பே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். எவாபரேட்டர் காய்ந்துவிட்டால் நாற்றம் திரும்பாது.

கார்பெட் மேலே காய்ந்தது போல இருக்கும், அடியில் இருக்கும் ஃபோம் லிட்டர் கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கதவடிப் பிளாஸ்டிக் பட்டையை எடுத்து, கார்பெட்டைத் தூக்கி அடியில் கட்டை வைத்து, இரண்டு நாள் ஃபேன் போடுங்கள். வாசனைத் திரவியம் தொங்கவிடாதீர்கள். கடும் வாசனை வந்தாலே 'எதையோ மறைக்கிறார்கள்' என்றுதான் நினைப்பார்கள்.

சீட் கறை: வேக்யூம் முதலில், ஈரம் பிறகு. தூசியோடு நனைத்தால் சேறாகி இழைக்குள் இறங்கிவிடும். துணி கிளீனரை முதலில் கண்ணில் படாத மூலையில் போட்டுப் பார்த்து, நிறம் போகவில்லையென்றால் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் வேக்யூமால் இழுங்கள். கறை இருக்கும் இடத்தை மட்டும் செய்தால் காய்ந்ததும் அதைச் சுற்றி வளையம் விழும். தையலிலிருந்து தையல்வரை அந்த முழுப் பகுதியையும் செய்யுங்கள். பால் சிந்தியதும் செல்லப்பிராணி ஈரமும் என்சைம் கிளீனருக்குத்தான் மசியும். சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் வயர். அதைக் கழற்றிவிட்டு சாவியைப் போட்டால் ஏர்பேக் லைட் எரியும், திரும்ப மாட்டினாலும் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அழிக்கும்வரை அணையாது. தொடாதீர்கள், நனைக்கவும் கூடாது.

கூரைத் துணியை ஒருபோதும் ஊறவைக்காதீர்கள். பின்னால் இருப்பது பசை, நனைந்தால் விட்டுவிடும், துணி தொங்கும். ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியில் லேசாக ஒற்றினால் போதும். டாஷ்போர்டில் எண்ணெய்ப் பளபளப்பு தரும் திரவம் வேண்டாம், கண்ணாடியில் பிரதிபலித்து டெஸ்ட் டிரைவில் ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

ஹெட்லைட்: இதில் போடும் இரண்டு மணி நேரம் போல வண்டியின் வயதைக் குறைக்கும் வேலை வேறில்லை. பாலிகார்பனேட் மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் சிதைந்ததுதான் அந்த மஞ்சள். சுற்றிலும் பெயிண்டுக்கு இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 800 அல்லது 1000 எண் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 1500, 2000, 3000 என்று போங்கள். தண்ணீர் நிற்காமல் ஓடட்டும், ஒரு எண்ணில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததில் நெடுக்காக. முந்தைய எண்ணின் கீறல் முழுதாக மறையும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். முதல் பேப்பரில் மஞ்சள் நீர் வடிவது நின்று வெள்ளை நீர் வந்தால் பழைய பூச்சு போய்விட்டது. பிறகு பிளாஸ்டிக் பாலிஷ், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து யூவி பாதுகாப்புப் பூச்சு. இந்தக் கடைசிப் படியை விட்டால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பும், அப்போது திட்டப்போவது உங்களிடம் வாங்கியவர். பற்பசையில் தேய்ப்பது சில வாரத்துக்குத்தான். உள்ளே ஈரம் கோத்திருந்தாலோ மயிரிழை வெடிப்பு இருந்தாலோ தேய்த்துப் பயனில்லை.

எஞ்சின் அறையை வாட்டர் கன்னால் அடிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக் குழியில் நீர் நின்றால் மிஸ்ஃபயர், ஆல்டர்னேட்டரிலும் கனெக்டரிலும் போனால் இன்னும் தலைவலி. எஞ்சின் ஆறியபின் தூசியைத் துடைத்து, பிளாஸ்டிக் மூடிகளை ஈரத்துணியால் ஒற்றினால் போதும். புதுசு போல மின்னும் 9 வருஷ எஞ்சின், ஆயில் கசிவைக் கழுவியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். வால்வு கவர் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் கேஸ்கெட்டை மாற்றுவதே வழி.

பட்டிபார்ப்பவர்:

பெயிண்ட் கேள்விக்கு மட்டும் பதில். பம்பரும் கதவும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே கணக்கில் போடாதீர்கள்.

வாங்க வருபவர் பெயிண்ட் தடிமன் மீட்டர் கொண்டுவர வாய்ப்பு உண்டு. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். மேலே இன்னொரு முறை அடித்திருந்தால் 200-ஐத் தாண்டும், பட்டி போட்டிருந்தால் 500, 1000 என்று எகிறும். கதவில் இருக்கும் சின்ன டென்டுக்காகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், ஒரு டென்ட் இருந்த கதவு 'அடிபட்ட' கதவாகிவிடும். ஏன் அடித்தீர்கள், உள்ளே தகடு எப்படி இருக்கிறது என்று கேள்வி வளரும். பெயிண்ட் உடையாத டென்ட் என்றால் பெயிண்ட் தொடாமல் உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் முறை இருக்கிறது. கதவின் நடுவில், வளைவுக் கோடுகளிலிருந்து விலகி இருந்தால் நன்றாக வரும். ஓரத்தில், மடிப்பின் மேல் இருந்தால் கடினம், அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள்.

பம்பர் பிளாஸ்டிக். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக்கில் அளவே காட்டாது, பம்பர் உரசுவதும் எல்லா வண்டியிலும் நடப்பதுதான். அதனால் மூலையை மட்டும் சரிசெய்வதில் தப்பில்லை. ஆனால் முதலில் உரசல் ஆழமா என்று பாருங்கள். உங்கள் பம்பரில் ஒட்டியிருப்பது எதிரே இருந்த தூணின் பெயிண்ட்டாகவும் இருக்கலாம். தார் நீக்கியும் கொஞ்சம் பாலிஷும் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் பாதி மறைந்துவிடும். மீதி நகத்தில் தட்டுப்பட்டால் மட்டும் பெயிண்ட். மெட்டாலிக், பேர்ல் நிறங்களில் மூலையை மட்டும் அடித்தால் வெளிச்சத்தில் திட்டுத் தெரியும். நிறத்தைப் படிப்படியாக மங்கவிட்டு, மேலே வரும் நிறமில்லாத பூச்சான 'கிளியர் கோட்'டைப் பம்பரின் விளிம்புவரை கொண்டுபோகத் தெரிந்த ஆள் வேண்டும். கருப்புப் பிளாஸ்டிக் வெளியே தெரிந்தால் அதற்கு ஒட்டுதல் பிரைமர் போடாமல் அடித்த பெயிண்ட் முதல் வாட்டர் வாஷிலேயே தோலாக உரியும்.

பானெட் புள்ளிகளுக்கு டச் அப். நிறத்தின் குறியீட்டு எண் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். புள்ளியைக் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, துரு இருந்தால் ஊசி முனையால் சுரண்டி எடுங்கள். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன், அதில் வைத்தால் கொப்புளம் போல எழும்பி நிற்கும். பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, குழிக்குள் மட்டும் ஒரு துளி. அரை மணி விட்டு இன்னொன்று. குழி முழுதாக நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளைப் புள்ளி தெரியாமல் போனால் போதும்.

பாலிஷ் போடுவதென்றால் கழுவி, இரும்புத் துகள் நீக்கி (ஊதா நிறமாக ஓடும், அதுதான் வேலை செய்வதற்கு அடையாளம்), கிளே பாரை (ஒட்டிய அழுக்கை இழுக்கும் களிமண் போன்ற கட்டி) வழுக்கும் திரவத்தோடு ஓட்டி, அதன் பிறகுதான் பாலிஷ். டூயல் ஆக்ஷன் மெஷின், நடுத்தரப் பேடு, ஒரே சுற்று. ரோட்டரி மெஷினைப் பழக்கமில்லாமல் எடுக்காதீர்கள். கிளியர் கோட் பெரும்பாலும் 35-50 மைக்ரான்தான், விளிம்புகளிலும் கோடுகளிலும் இன்னும் மெல்லிசு, நொடியில் எரிந்துவிடும். செராமிக் கோட்டிங் போன்ற செலவெல்லாம் விற்கப்போகும் வண்டிக்குத் தேவையில்லை, அதற்காக யாரும் விலை கூட்டித் தரமாட்டார்கள்.

வண்டிவிற்பவர்:

அனைவருக்கும் நன்றி. சத்தம் லிங்க் ராடுதான், மாற்றியாயிற்று. வடிகாலில் அடைப்பு எடுத்ததும் ஏசி நீர் வெளியே சொட்டுகிறது. கோடு பி0171. ஃபிரீஸ் ஃபிரேமில் எஞ்சின் முழுச் சூடு, 780 ஆர்பிஎம். லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தம், சதவீதத்தில்) ஐடிலிங்கில் +19, நிறுத்தி வைத்து 2,500 ஆர்பிஎம்மில் +5. ஆக்சிஜன் சென்சார் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

ஸ்பேனர்:

வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களே விடையைச் சொல்லிவிட்டன. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஐடிலிங்கில் +19 இருந்து, ஆர்பிஎம் ஏறியதும் +5-க்கு இறங்கினால் அளக்கப்படாத காற்று எங்கேயோ உள்ளே புகுகிறது என்று அர்த்தம். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் சின்ன ஓட்டை பெரிய பங்கு. த்ராட்டில் திறந்ததும் அதே ஓட்டை ஒரு பொருட்டில்லை. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பலவீனம் என்றால் இதற்கு நேரெதிராக, லோடு ஏற ஏற டிரிம் கூடும். ஐடிலிங் ஏறி இறங்குவதும் இதனால்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய், வளைவின் அடிப்பக்கத்தில் வெடிக்கும், மேலிருந்து தெரியாது, விரலால் தடவுங்கள்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில்வரை வரும் மடிப்புக் குழாய், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட். ஆயில் டிப் ஸ்டிக்கும் ஆயில் மூடியும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள், சில எஞ்சின்களில் அந்த வழியாகவும் காற்று போகும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகையைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்ப்பது), பத்து நிமிஷ வேலை. எரியக்கூடிய ஸ்பிரேயைச் சூடான எஞ்சின் மேல் அடித்துத் தேடும் பழைய பழக்கம் ஆபத்து, தீப்பிடிக்கும்.

ஓட்டையை அடைத்த பிறகு கோடை அழிப்பது நியாயம். அழித்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடாதீர்கள், சுயசோதனைகள் மறுபடி ஓடி முடிய வேண்டும். எட்டு மணி நேரம் நிறுத்திய வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலிங், பிறகு நின்று நின்று போகும் சாலை, பிறகு 15-20 நிமிஷம் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலை, நடுவே ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக் தொடாமல் வேகம் இறங்கவிடுவது. டேங்க் கால் பங்குக்கும் முக்காலுக்கும் நடுவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவிச் சோதனை ஓடாது. இரண்டு மூன்று நாள் இப்படி ஓட்டினால் பெரும்பாலும் எல்லாம் 'முடிந்தது' என்று வந்துவிடும். அந்தத் திரையைப் படமெடுத்து, பழைய கோடு எண், மாற்றிய பாகத்தின் பில் இரண்டோடும் சேர்த்து வாங்க வருபவரிடமே காட்டுங்கள்.

பேப்பர்கட்டு:

வண்டி தயார், காட்டும் விதம் பாக்கி.

படம்: மேகம் மூடிய பகல், அல்லது சூரியன் எழுந்த பின் ஒரு மணி நேரம், மறையும் முன் ஒரு மணி நேரம். ஃபோனைக் கண் உயரத்தில் பிடிக்காமல் ஹெட்லைட் உயரத்துக்கு இறக்குங்கள். அருகில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, பின்பக்கம் சிறுத்துத் தெரியும். பத்தடி பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ஈரமான வண்டியைப் படமெடுக்க வேண்டாம், கீறலை மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நாலு மூலையிலிருந்தும், நாலு டயரும், டிக்கி அடியில் ஸ்டெப்னி, எஞ்சின் அறை, எல்லா சீட்டும். எஞ்சின் ஓடும்போது, கி.மீ. அளவும் எச்சரிக்கை லைட் எதுவும் எரியாததும் ஒரே படத்தில் தெரியும்படி மீட்டர். டென்டுக்கும் உரசலுக்கும் தனித்தனிப் படம், பக்கத்தில் நாணயம் வைத்து. குறையைப் பார்த்துவிட்டு வருபவர் நேரில் அதைக் காட்டி விலை குறைக்கமாட்டார்.

சாவி: ஒரே சாவி என்பது பலர் நினைப்பதைவிடப் பெரிய குறை. இம்மொபிலைசர் சிப் (பதிவான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுப்பது) உள்ள வண்டியில் ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவதைப் பதிவு செய்வது எளிது. அந்த ஒன்றும் தொலைந்தால் வேலையும் செலவும் பல மடங்கு. சாதாரண சிப் சாவி என்றால் போட்டுவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் சாவி என்றால் விலை விசாரித்து வைத்துக்கொண்டு அந்தத் தொகையைப் பேச்சில் வெளிப்படையாகக் கழியுங்கள். தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

ஆட்கள் வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் நீலப்புகையும் டேப்பெட் சத்தமும் தெரியும், அதைப் பார்க்க விடுவது உங்களுக்குத்தான் நல்லது. டெஸ்ட் டிரைவுக்கு முன் அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள், வேறொருவர் ஓட்டினாலும் உங்கள் இன்சூரன்ஸ் செல்லுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். சீட் மாறும்போது எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

பலர் மறப்பது வண்டிக்குள் இருக்கும் சொந்த விவரங்கள். மியூசிக் சிஸ்டத்தில் ஃபோன் தொடர்புகள், நேவிகேஷனில் வீட்டு முகவரி, டேஷ்கேம் கார்டு. ஃபேக்டரி ரீசெட் செய்தால் பெரும்பாலானவை போய்விடும், ஆனால் ஃபோன் ஆப்பில் உங்கள் பெயரில் இணைந்திருக்கும் வண்டியைத் தனியாக நீக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்ற பிறகும் வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் ஃபோன் காட்டும், சில மாடல்களில் கதவைக்கூடத் திறக்கலாம். வண்டியில் கடன் இருந்திருந்தால், அடைத்ததற்கான கடிதம் மட்டும் போதாது, பதிவு ஆவணத்திலும் அந்தக் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வந்ததாக எதிராளி ஃபோனில் காட்டும் திரையை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு கையெழுத்து. உரிமை மாற்றத்தை அலுவலகத்தில் பதிவு செய்யும்வரை, ஒப்படைத்த நாளும் மணியும் கி.மீ. அளவும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இடையில் அந்த வண்டி எங்காவது விதியை மீறினால் காட்ட வேறு ஆதாரம் கிடையாது.

வண்டிவிற்பவர்:

பிசிவி ஹோஸ் அடிப்பக்கம் வெடித்திருந்தது, மாற்றினேன். டிரிம் இப்போது ஐடிலிங்கில் +3. கோடு அழித்து இரண்டு நாள் ஓட்டியதில் கேட்டலிஸ்ட் சோதனை முடிந்தது, பெட்ரோல் ஆவிச் சோதனை மட்டும் பாக்கி. டயர் பள்ளம் உள்பக்கம் 1.5, நடுவில் 4. ஜோடியை மாற்றினால் புது டயர் முன்னாலா, பின்னாலா?

ஸ்பேனர்:

புது ஜோடி பின்னால், பின்னால் இருப்பவை முன்னால், அவற்றில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால். ஈரச் சாலையில் பின்டயர் பிடி விட்டால் வண்டி சுழலும், அதைத் திருத்துவது பழகாத ஓட்டுநரால் முடியாது. முன்டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தே மீளலாம். மாற்றியதும் அலைன்மென்ட், அளவுத் தாளை பில்லோடு வையுங்கள். உள்பக்கத் தேய்மானத்துக்குக் காரணமான புஷ்ஷையும் டை ராடு எண்டையும் அதற்கு முன்னாலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆவிச் சோதனைக்கு: டேங்கைப் பாதியில் வைத்து ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் குளிர்ந்த ஸ்டார்ட். இடையில் பெட்ரோல் போடாதீர்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், 'கிளிக்' கேட்கும்வரை திருகுங்கள்.